கற்றல் பாணி: நன்னூல் முதல் வினாப்பட்டியல் வரை



‘உமக்குரிய கற்றல் பாணியைக் கண்டறிக’ என்னும் அறிவுரையை இன்று கேளாத மாணவர் அரியர். பள்ளிப் பயிலரங்குகளிலும் தன்முன்னேற்ற நூல்களிலும் ஒரு வினாப்பட்டியல் தரப்படுகிறது. பத்துப் பதினைந்து வினாக்களுக்கு விடையளித்தால், நாம் கண்ணால் கற்பவரா, செவியால் கற்பவரா, கையால் கற்பவரா என்பது தெரிந்துவிடும் என்கிறார்கள். இக்கருத்து எங்கிருந்து வந்தது, எவ்வாறு வளர்ந்தது, எந்த அளவுக்கு மெய்யானது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இன்றைய உரையின் நோக்கம்.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு என் ஆசிரியப் பணியில் நிகழ்ந்த ஒரு தவறே காரணம். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பயிலரங்கில் பெற்ற வினாப்பட்டியலை என் வகுப்பு மாணவருக்குக் கொடுத்தேன். விடைகளைக் கூட்டி, மூன்று வண்ணங்களில் அட்டைகள் செய்து, ஒவ்வொருவருக்கும் ஒன்று வழங்கினேன். மாணவர் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். சில வாரங்கள் கழித்துக் கேட்டல் கருத்தறிதல் பயிற்சியின்போது ஒரு மாணவி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்திருந்தாள். காரணம் கேட்டேன். “ஐயா, நான் பார்த்துப் படிக்கிறவள். கேட்டுப் படிப்பது எனக்கு வராது. நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்றாள். அவள் வீட்டில் தமிழ் பேசுவோர் இல்லை. தமிழ் அவள் செவியில் விழும் ஒரே இடம் என் வகுப்பறை. அந்த ஒரு வாயிலையும் நான் கொடுத்த வண்ண அட்டை அடைத்துவிட்டது. அன்று எழுந்த ஐயமே என்னை இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

நன்னூல் காட்டும் மாணாக்கர்

கற்போரை வகைப்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். எனினும் அது எழுத்தையும் சொல்லையும் பேசத் தொடங்குமுன், நூல் என்பது யாது, ஆசிரியர் யார், மாணாக்கர் யார், எவ்வாறு கற்பிக்க வேண்டும், எவ்வாறு கற்க வேண்டும் என்பவற்றைப் பாயிரத்தில் விரிவாக உரைக்கிறது. இலக்கணத்தின் வாயிலிலேயே ஒரு கல்வியியல் நூல் அமைந்திருக்கிறது எனலாம்.

அங்கே மாணாக்கர் மூன்று தரத்தினராகவும் எட்டு உவமைகளாகவும் காட்டப்படுகின்றனர். தலைமாணாக்கர்க்கு அன்னமும் பசுவும் உவமை. அன்னம் பாலையும் நீரையும் பிரித்துக் கொள்ளும் என்பது மரபு. பசு புல்லைக் கண்டவிடத்து வயிறார மேய்ந்து, பிறகு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். இடைமாணாக்கர்க்கு மண்ணும் கிளியும் உவமை. உழவன் இட்ட உழைப்பின் அளவுக்கே மண் விளைவு தரும். கிளி சொல்லிக்கொடுத்ததை மட்டுமே சொல்லும். கடைமாணாக்கர்க்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் நான்கு. ஓட்டைக் குடத்தில் ஊற்றியது தங்காது. ஆடு ஒரு செடியிலும் நிலைக்காமல் நுனி நுனியாகக் கடித்துச் செல்லும். எருமை குளத்து நீரைக் கலக்கிவிட்டே குடிக்கும். நெய்யரியாகிய பன்னாடை நல்ல நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும்.

இவ்வெட்டு உவமைகளிலும் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இவற்றுள் ஒன்றேனும் கண்ணையோ செவியையோ கையையோ அடிப்படையாகக் கொள்ளவில்லை. பாடம் எப்புலன் வழியே உள்ளே சென்றது என்று நன்னூலார் கேட்கவில்லை. சென்ற பாடத்தை மாணாக்கன் என்ன செய்தான் என்றே கேட்கிறார். பிரித்து அறிந்தானா, அசைபோட்டானா, அப்படியே திருப்பிச் சொன்னானா, ஒழுகவிட்டானா என்பவையே அவருடைய அளவுகோல்கள்.

ஆசிரியர்க்கும் அவர் ஒரு கடமை வகுக்கிறார். பெறுகின்றவன் எவ்வளவு கொள்வான், எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்கும் வண்ணம் கற்பிக்க வேண்டும் என்பது அது. மாணவரிடையே வேறுபாடு உண்டு என்பதை நன்னூல் தெளிவாக ஏற்கிறது. ஆனால் அவ்வேறுபாட்டை ஆசிரியர் நேரில் கண்டறிந்து பாடந்தோறும் கருத்தில் கொள்ள வேண்டும். ஒருமுறை அளந்து எழுதி வைத்துவிடும் பெயர்ப்பலகையாக அது கூறப்படவில்லை.

கற்கும் முறை பற்றி நன்னூல் கூறும் கணக்கு இன்னும் சுவையானது. ஆசிரியர் கூறியதை நன்றாகக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கு புலமையே. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். கேட்ட பாடத்தைச் சிந்தித்தல், ஐயங்களை வினாதல், பிறர் வினவியவற்றுக்கு விடை கூறுதல் ஆகியனவும் கற்போனின் கடமைகளாகச் சொல்லப்படுகின்றன. இவை எல்லா மாணாக்கர்க்கும் பொதுவாக விதிக்கப்பட்டவை. அன்னத்துக்கு ஒரு வழி, ஆட்டுக்கு ஒரு வழி என்று நன்னூலார் பிரிக்கவில்லை.

திண்ணையில் கண்ணும் செவியும் கையும்

நூலில் சொல்லப்பட்டது இருக்கட்டும். ஊரில் நடந்தது என்ன? நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தையின் கல்வி மணலில் தொடங்கியது. பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்வார்கள். விரல் வடிவத்தை உணர்கிறது, கண் அதைக் காண்கிறது, வாய் ஒலிக்கிறது, செவி கேட்கிறது. கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. மாலையில் மாணவர் அனைவரும் எழுந்து நின்று முறை சொல்வார்கள். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொல்வார்கள். ஆத்திசூடி, நிகண்டு, எண்சுவடி முதலியவை இவ்வாறு நெஞ்சில் பதிந்தன.

ஒரே எழுத்தை ஒரே மாணவன் கையாலும் கண்ணாலும் செவியாலும் வாயாலும் கற்றான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். புலன்களை மாணவரிடையே பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் திண்ணையில் இல்லை. அதே நேரத்தில், ஒவ்வொரு மாணவனும் தன் வேகத்தில் முன்னேற இடமிருந்தது. ஒருவன் மணலில் எழுதிக்கொண்டிருக்க, அவன் வயதொத்த மற்றொருவன் ஓலைக்குச் சென்றிருப்பான்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு இத்தகைய பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவர்களுள் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. பழங்கல்வியைப் புகழும் நாம் இவ்வெண்ணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்களில் மிகப் பெரும்பாலோர்க்கும் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கும் திண்ணை மூடியே இருந்தது. பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்வித்ததும், பிரம்படியும் அக்கல்வியின் குறைகள். பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அளித்த அறிக்கையிலேயே, மாணவர் செய்யுட்களைப் பொருள் அறியாது ஒப்பிக்கின்றனர் என்னும் குறை பதிவாகியுள்ளது. நன்னூலார் இடைத்தரமென்று வைத்த கிளிகளைத் திண்ணை ஏராளமாக உருவாக்கியது என்பதும் வரலாறே.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

திண்ணைப் பள்ளியின் ஒரு கூறு கடல் கடந்து உலகக் கல்வி வரலாற்றில் இடம்பெற்றது. ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் வழியில் ஓர் உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பியபோது, அவருக்குக் கீழிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே எழுத்தறிந்த ஒரு சிறுவனிடமே இளையோர்க்குக் கற்பிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அது வெற்றி பெற்றது.

இந்தியாவிலிருந்து திரும்பிய பெல், 1797இல் இலண்டனில் இவ்வனுபவத்தை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது பரவியது. 1811இல் நிறுவப்பட்ட தேசியக் கழகம் இம்முறையைக் கைக்கொண்டு ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தியது. ஏழைப் பிள்ளைகள் பலர்க்குக் குறைந்த செலவில் எழுத்தறிவிக்க இம்முறை உதவியது. சட்டாம்பிள்ளை இங்கிலாந்துக்குச் சென்றார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும்போது இருவரும் கற்கின்றனர் என்னும் உண்மை, நன்னூலின் அரைப்பங்குக் கணக்கை நமக்கு நினைவூட்டுகிறது.

நம் வட்டாரத்தின் தமிழ்க் கல்வி வரலாறும் இக்காலத்தை ஒட்டியே தொடங்குகிறது. 1816இல் நிறுவப்பட்ட பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கக் கல்வித் துறைகளும் ஆய்வாளர்களும் ஆண்டுத் தேர்வுகளும் வந்தபோது, வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு பாடம் என்னும் ஒழுங்கு நிலைபெற்றது. கல்வி பலர்க்கும் கிட்டியது பெரும்பேறு. ஆனால் தன் வேகத்தில் கற்கும் தனி மாணவன் கூட்டத்தில் மறைந்தான். பிற்காலத்தில் கற்றல் பாணி என்னும் கருத்துக்குக் கிடைத்த பெரும் வரவேற்புக்கு, மறைந்துபோன அத்தனி மாணவனை மீண்டும் காணும் ஏக்கமே காரணம் என்பது என் துணிபு.

ஒரு மாணவர், பல வழிகள்

பழைய முறையின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஒரு பெரும் மாணவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1855இல் உத்தமதானபுரத்தில் பிறந்த உ. வே. சாமிநாதையர் தம் இளமைக் கல்வியைத் தன்வரலாற்றில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இசையறிந்த குடும்பத்தில் பிறந்த அவர் செய்யுளைச் செவியாலும் குரலாலும் பழகியவர். அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழின் சுவையை அறிந்தார். பின்னர் ஊர் ஊராகச் சென்று, யாரிடம் எந்நூல் கிட்டுமோ அதைக் கேட்டுக் கற்றார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபின் அவருடைய கற்றல் வேறு வடிவம் பெற்றது. ஆசிரியர் வாய்மொழியாகப் பாடல்களை இயற்றிக்கொண்டே போக, ஓலையில் எழுதுவது மாணவர் பணியாயிற்று. ஒரு செய்யுள் எவ்வாறு உருவாகிறது என்பதை அவர் தம் எழுத்தாணியால் கற்றார் எனலாம். திருவாவடுதுறை மடத்தில் பிற மாணவர்க்குப் பாடம் சொல்லும் வாய்ப்பும் கிட்டியது. இசையை ஆசிரியர் விரும்பாமையால் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பயின்று வந்த இசைப் பயிற்சியை அவர் நிறுத்த நேர்ந்தது. தமக்கு இயல்பாக வந்த ஒரு வழி அடைபட்டபோதும் மற்ற வழிகளால் அவர் கற்றலைத் தொடர்ந்தார்.

பிற்காலத்தில் சீவக சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் பதிப்பிக்கப் புகுந்தபோது, ஓலைகளை ஒப்புநோக்கும் கண்ணும், பிழையைச் செவியால் உணரும் இலக்கணப் பயிற்சியும், அறியாததை அறிந்தாரிடம் கேட்கத் தயங்காத மனமும் அவருக்கு ஒருங்கே துணைபுரிந்தன. சிந்தாமணியின் சமயச் செய்திகளை விளங்கிக்கொள்ளச் சமண அன்பர்களை நாடிச் சென்று கேட்டார். அவரைச் செவிவழி கற்பவர் என்பதா, கைவழி கற்பவர் என்பதா? எந்த அட்டையும் அவருக்குப் பொருந்தாது.

மேலைநாட்டில் பிறந்த வினாப்பட்டியல்

இனி, இன்றைய கருத்தின் பிறப்பிடத்துக்கு வருவோம். 1880இல் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கில அறிஞர், அன்றைய காலை உணவு மேசையை மனக்கண்ணில் கொண்டுவந்து விவரிக்குமாறு பலரைக் கேட்டார். சிலர் வண்ணமும் ஒளியும் தெளிவாகத் தெரிவதாகக் கூறினர். அறிவியலறிஞர் சிலர் தமக்கு எக்காட்சியும் தோன்றுவதில்லை என்றனர். மனத்தின் உள்ளே மனிதர் வேறுபடுகின்றனர் என்பது இவ்வாறு வெளிப்பட்டது. அதே காலத்தில் பிரான்சில் சார்க்கோ முதலிய மருத்துவர் காட்சி வகை, செவி வகை, இயக்க வகை என நினைவாற்றலைப் பிரித்துப் பேசினர். 1920களில் அமெரிக்காவில் கிரேஸ் பெர்னால்டு, வாசிக்க இடர்ப்படும் குழந்தைகள் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒலிக்கும் முறையைக் கையாண்டார். நம் மணல் எழுத்துக்கு அது நெருங்கிய உறவு.

1970களுக்குப் பின் இக்கருத்துகள் வினாப்பட்டியல்களாக வடிவெடுத்தன. அமெரிக்காவில் டன் இணையர் ஒன்றை உருவாக்கினர். 1984இல் வெளியான தம் நூலில் டேவிட் கோல்ப், பட்டறிவிலிருந்து கற்கும் சுழற்சியையும் நான்கு பாணிகளையும் விளக்கினார். ஹோவர்டு கார்ட்னர் 1983இல் ‘பன்முக அறிவுத்திறன்’ கோட்பாட்டை வெளியிட்டார். இது கற்றல் பாணி பற்றியதே அன்று எனக் கார்ட்னரே பின்னர் தெளிவுபடுத்தியும், பலர் இரண்டையும் ஒன்றாகவே கருதினர். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங், காட்சி, செவி, வாசிப்பு-எழுத்து, செயல் என்னும் நான்கு வழிகளைக் கொண்ட ‘வார்க்’ என்னும் பட்டியலை 1987இல் வடிவமைத்தார். பள்ளி ஆய்வாளராக இருந்தபோது, சிறந்த ஆசிரியர் சிலர் சில மாணவரைத் தொட முடியாமற்போவதைக் கண்டு வியந்ததே இவரது தேடலின் தொடக்கம். 1992இல் மில்ஸ் என்பாருடன் எழுதிய கட்டுரையில், இது மாணவர் தம்மைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டும் கருவி என்றே அறிமுகப்படுத்தினார். சிந்தனையைத் தொடங்கிவைக்க வந்த வினாப்பட்டியல், பின்னர்ச் சிந்தனையை முடித்துவைக்கும் தீர்ப்பாக மாறிவிட்டது.

நம் நாடுகளிலும் இவ்வலை வீசியது. மலேசியாவில் 1997இல் வெளியான விவேகப் பள்ளித் திட்டம், மாணவரின் வெவ்வேறு திறன்களுக்கும் கற்றல் பாணிகளுக்கும் இடமளிக்க முனைந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர், ‘சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் தேசம்’ என்னும் இலக்கை அறிவித்தது. ஒரே அச்சில் எல்லாரையும் வார்க்கும் கல்வியிலிருந்து விடுபட விரும்பிய காலம் அது. அவ்விருப்பம் உயர்ந்தது. அதற்குத் துணையாகக் கையிலெடுத்த கருவிகளுள் ஒன்றே பிழையானது.

சோதனையில் நின்றதும் நில்லாததும்

2004இல் பிராங்க் காபீல்டு தலைமையிலான பிரிட்டிஷ் ஆய்வாளர் குழு, கற்றல் பாணி பற்றி 71 வெவ்வேறு கோட்பாடுகள் வழங்குவதைக் கண்டறிந்தது. அவற்றுள் முதன்மையான 13ஐ ஆழ்ந்து ஆராய்ந்து, பலவற்றின் அளவீடுகள் நம்பத்தக்கவையல்ல என்று கூறியது. ஒரே மாணவருக்கு 71 வகைப் பெயர் சூட்ட முடியுமானால், அப்பெயர்களின் மதிப்பு என்ன என்று கேட்பது இயல்பு.

2008இல் பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் என்னும் நான்கு உளவியலறிஞர் இக்கருத்தை மெய்ப்பிக்க எத்தகைய சோதனை வேண்டும் என்று வரையறுத்தனர். முதலில் மாணவரைப் பாணிவாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேர்க்குக் காட்சி வழியும் பாதிப்பேர்க்குச் செவி வழியும் குலுக்கல் முறையில் கற்பிக்க வேண்டும். இறுதியில் அனைவர்க்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். காட்சிப் பாணியினர் காட்சி வழியிலும், செவிப் பாணியினர் செவி வழியிலும் மேம்பட்டு நின்றால் மட்டுமே கருத்து மெய்யாகும். இவ்வளவுகோலில் நடத்தப்பட்ட ஆய்வுகள் மிகச் சிலவே என்றும், அவற்றுள்ளும் தக்கவை சில இக்கருத்துக்கு மாறான முடிவையே தந்தன என்றும் அவர்கள் எழுதினர்.

பின்வந்த ஆய்வுகளும் இதையே வலியுறுத்தின. 2015இல் ரொகோவ்ஸ்கியும் உடனாய்வாளரும், ஒரே நூலைச் சிலர் ஒலிவடிவில் கேட்கவும் சிலர் மின்னூலாகப் படிக்கவும் செய்தனர். அவரவர் விரும்பிய பாணிக்கும் அவர்கள் புரிந்துகொண்ட அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் நுட்பமானது. தம்மைக் காட்சிப் பாணியினர் எனக் கருதியோர், படங்களை நன்றாக நினைவில் கொள்வோம் என்று எதிர்பார்த்தனர். ஆனால் அவர்களின் உண்மையான நினைவு அவ்வாறு அமையவில்லை. பாணி என்பது நம் நம்பிக்கையைக் காட்டுகிறது, கற்றலைக் காட்டவில்லை.

எனினும் நம்பிக்கை வலிது. 2012இல் வெளியான ஆய்வொன்றில், பிரிட்டனில் 93 விழுக்காட்டு ஆசிரியரும் நெதர்லாந்தில் 96 விழுக்காட்டு ஆசிரியரும், விரும்பிய பாணியில் கற்பித்தால் மாணவர் மேலும் நன்கு கற்பர் என்று நம்பினர். நானும் அப்பெரும்பான்மையில் ஒருவனாக இருந்தேன்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மாணவரிடையே வேறுபாடே இல்லை என்று இவ்வாய்வுகள் கூறவில்லை. முன்னறிவு வேறுபடுகிறது. வீட்டு மொழி வேறுபடுகிறது. பார்வைக் குறையும் செவிக் குறையும் வாசிப்பு இடர்ப்பாடும் உடைய பிள்ளைகளுக்குத் தனி உதவி இன்றியமையாதது. ஒருவர்க்குப் படம் பார்ப்பதில் விருப்பம் இருக்கலாம், அதுவும் மெய்யே. விருப்பமும் திறனும் ஒன்றல்ல என்பதும், எவ்வழி ஏற்றது என்பதை மாணவரைவிடப் பாடப்பொருளே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதுமே இங்குப் பெறப்படும் முடிவு. நிலப்படத்தைக் கண்ணால்தான் கற்க வேண்டும். ‘பல்லி’, ‘பள்ளி’ என்னும் சொற்களின் ஒலி வேறுபாட்டைச் செவியாலும் நாவாலுமே கற்க முடியும். செய்யுளின் ஓசையை வாய்விட்டுப் படித்தாலன்றி அறிய இயலாது.

நம் கற்றலை நாமே அறிதல்

அவ்வாறாயின், கற்கும் வழியை அறிய விரும்பும் மாணவர் என் செய்வது? ஆய்வுகள் இங்கே உறுதியான துணையைத் தருகின்றன. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவரை ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கச் செய்தனர். ஒரு சாரார் மீண்டும் மீண்டும் படித்தனர். மறு சாரார் நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மீண்டும் படித்தோர் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ எழுதிப் பார்த்தோரே முந்தினர். 2013இல் டன்லோஸ்கியும் உடனாய்வாளரும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோது, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுதல், இடைவெளி விட்டுப் பல நாள் பயிலுதல் என்னும் இரண்டுமே மிக்க பயன் தருவனவாக அறியப்பட்டன. பலரும் விரும்பும் வண்ணக்கோடிடுதலும் மறுவாசிப்பும் பின்தங்கின.

இம்முடிவுகளை நன்னூலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது வியப்பு உண்டாகிறது. பசுவைப்போல் இடைவெளி விட்டு அசைபோடுதல், வினவுதல், விடை கூறுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல் ஆகிய அனைத்தும் உள்ளே சென்றதை மீட்டு வெளியே கொணரும் பயிற்சிகள். நன்னூலார் ஆய்வுக்கூடத்தில் அளந்து காற்பங்கு, அரைப்பங்கு என்று கூறவில்லை. நெடுங்காலம் கற்பித்தோரின் பட்டறிவை அவர் தொகுத்துரைத்தார். இன்றைய அறிவியல் வந்து சேர்ந்த இடமும் அதற்கு அண்மையிலேயே உள்ளது. தலை, இடை, கடை என்னும் தரப்பிரிவை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. எட்டு உவமைகளையும் எட்டு வினாக்களாக மாற்றிக்கொள்ளலாம். இன்றைய பாடத்தில் நான் கிளியாக இருந்தேனா? ஆடாக நுனி மேய்ந்தேனா? மாலையில் அசைபோட்டேனா? இவ்வினாக்களுக்கு நாள்தோறும் விடை மாறும். காலையில் ஓட்டைக் குடமாக இருந்தவர் மாலையில் அன்னமாகலாம்.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இது வெறும் கல்வியியல் சர்ச்சையன்று. 2010இல் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் மக்கள்தொகையில் 3.3 விழுக்காட்டினர், 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. வீட்டில் கேட்கும் தமிழ் குறையக் குறைய, வகுப்பறையில் கேட்கும் தமிழின் மதிப்புக் கூடுகிறது. அந்நிலையில் ஒரு பிள்ளையிடம் ‘நீ கேட்டுக் கற்பவள் அல்லள்’ என்று சொல்வது, தெரியாமலே அவளிடமிருந்து மொழியின் பாதியைப் பறிப்பதாகும். கேட்டலும் பேசுதலும் படித்தலும் எழுதுதலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரியவை.

நான் முன்பு குறிப்பிட்ட மாணவியிடம் அட்டையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் தவறு என்றும் சொன்னேன். அதன்பின் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பத்தியை நான் வாசிக்க, அவள் கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த தோழிக்குத் தன் சொற்களில் எடுத்துச் சொல்வாள். முதல் சில வாரங்கள் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் வரவில்லை. ஆண்டிறுதியில் தோழி தடுமாறிய இடத்தை அவளே திருத்தினாள். மூன்று வண்ண அட்டைகளையும் நான் பிறகு எவர்க்கும் கொடுத்ததில்லை.